எட்டு தக்காளிச் செடிக்கு எத்தனை லிட்டர் தொட்டி?

மண்ணில்லா வளர்ப்பில் சொட்டுநீர் அமைக்கும்போது பம்ப், டிரிப்பர் (சொட்டுவிடும் முனை) எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவோம். உரக்கரைசல் தொட்டிக்கு மட்டும் வீட்டில் கிடக்கும் 40 லிட்டர் வாளி போதும் என்று விட்டுவிடுவோம். கோடையில் செடியைக் கவிழ்ப்பது அந்த வாளிதான்.

சென்னை மொட்டை மாடியில், தேங்காய்நார்த் துகள் நிரப்பிய எட்டு வாளிகளில் தக்காளி. வடிவது திரும்பத் தொட்டிக்கே வருகிறது. காய் பிடித்த செடி வெயில் நாளில் 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். எட்டுக்கும் சேர்த்து 20 லிட்டர். வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரையே அதிகம் இழுப்பதால் மிச்சக் கரைசல் கெட்டியாகிறது. போனது அத்தனையும் வெறும் தண்ணீர் என்றே கொள்ளுங்கள்: காலையில் இசி (கரைசலின் உப்பு அளவைக் காட்டும் எண்) 2.0 காட்டிய 40 லிட்டர், மாலையில் 4.0 காட்டும். 100 லிட்டராக இருந்தால் 2.5 தான். செடி கொஞ்சம் உப்பும் எடுப்பதால் நிஜத்தில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் 100 லிட்டருக்குக் குறையாதீர்கள். குறைந்ததை அன்றன்றே நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உரக்கரைசலால் அல்ல.

அடுத்தது சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவை. அந்த இடைவெளியில்தான் பித்தியம் என்னும் வேரழுகல் கிருமி நுழைகிறது. வெள்ளை வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உறையாகக் கழன்று வரும். கறுப்பு டிரம்மில் 0.4 சதுர மீட்டரில் நேர் வெயில் பட்டால், காற்றுக்குப் போகும் வெப்பத்தைக் கழிக்காமல், 100 லிட்டர் மணிக்கு இரண்டரை டிகிரி ஏறும். ஐஸ் பாட்டிலை நம்ப வேண்டாம்: 1 கிலோ பனிக்கட்டி முழுதும் உருகினால் 1 டிகிரிதான் இறங்கும். நிழலில் வையுங்கள், வெளியே வெள்ளை அடியுங்கள், ஈரச் சாக்கு சுற்றுங்கள். ஒளி ஊடுருவாத டிரம் என்றால் பாசியும் வராது. மூடியிலும் குழாய்த் துளையிலும் நைலான் வலை கட்டாயம்; தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

டிரம் வாளிகளைவிடத் தாழ இருக்க வேண்டும். மேலே இருந்தால் பம்ப் நின்ற பிறகும் குழாயில் நிற்கும் தண்ணீரே மீதியையும் தானாக இழுத்து (சைபன்) டிரம்மையே காலி செய்துவிடும். திரும்பும் குழாய் 40 மில்லிமீட்டர், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு. அதன் வாயில் ஒரு துணி வடிகட்டி. நார்த்தூள்தான் டிரிப்பரை அடைக்கிறது. பம்பை அடியில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வையுங்கள்.

1.8 மீட்டர் ஏற்றும் என்று எழுதியிருக்கும் ஏர்கூலர் பம்பின் அழுத்தம் 0.18 பார்தான், அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது. அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர்கள் பெரும்பாலானவற்றுக்கு 0.5 முதல் 1 பார் வேண்டும். அவற்றை விட்டுவிட்டு, ஒரே நீளத்தில் வெட்டிய மைக்ரோ டியூப் (மெல்லிய குழாய்) போடுங்கள்.

கால்சியம் நைட்ரேட்டைத் தனியாகக் கரைத்து, டிரம் நிறையத் தண்ணீர் நின்ற பிறகு கடைசியில் ஊற்றுங்கள். சல்பேட் உரத்தோடு அடர்த்தியாகச் சேர்ந்தால் ஜிப்சமாக அடியில் படியும், செடிக்குப் போகாது. போர்வெல் தண்ணீரின் பைகார்பனேட் பிஎச்சை (அமில-கார அளவை) ஏற்றிக்கொண்டே இருக்கும். பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 5.8க்கும் 6.3க்கும் இடையில் நிறுத்துங்கள்.

செடி நடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஓட்டி, பம்பை அணைத்து அரைமணி விடுங்கள். குழாயிலும் வாளியிலும் நின்றது அவ்வளவும் இறங்கியதும் மட்டம் எங்கே நிற்கிறதோ, அதற்கு மேல் அரைச் சாண் காலியாக இருக்க வேண்டும். 100 லிட்டருக்கு 120 லிட்டர் டிரம் வாங்கச் சொல்வது அதனால்தான்.