வடிசாறு வேண்டாம், கோழிச்சாறு போதும்

காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் மகன் பக்கத்தில் அம்மா வந்து உட்காருகிறாள். கையில் ஆவி பறக்கும் கிண்ணம். "கண்ணா, கொஞ்சம் கோழி வடிசாறு குடிப்பா" என்கிறாள். தமிழில் குரல் கொடுத்து ஓடும் ஒரு வெளிநாட்டுத் தொடரில் போன வாரம் பார்த்த காட்சி இது. கண் கலங்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். சூப்புக்குத் தமிழ் என்று ஆக்கிய இந்தச் சொல்லிடம் நான் மாட்டுவது மூன்றாம் தடவை. முதலில் ஒரு கல்யாணப் பந்தியின் உணவு அட்டையில் 'காய்கறி வடிசாறு'. அப்புறம் ஒரு சமையல் பக்கத்தில் 'காளான் வடிசாறு'. அந்தப் பந்தியில் கோப்பையை நீட்டிய பையன் என்னவோ "சூப்பு வேணுங்களா?" என்றுதான் கேட்டான்.

சூப் எங்கிருந்து வந்தது என்பதைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்தது; பிரெஞ்சுக்குப் பிற்கால லத்தீனின் 'சுப்பா'. அதற்கும் அடியில் ஜெர்மானிய வேர் இருக்கிறது. முதலில் அது குறித்தது குழம்பு நீரை அல்ல, அதில் ஊறவைத்த ரொட்டித் துண்டை. ரொட்டி போய் நீர் மட்டும் பெயரோடு தங்கிவிட்டது.

'எலும்பைச் சூப்புகிறோமே, அதிலிருந்துதான் ஆங்கிலேயன் சூப் என்ற சொல்லை எடுத்தான்' என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறது. விரல் சூப்புவதும் மாங்கொட்டை சூப்புவதும் நல்ல தமிழ்தான். ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு வந்துவிடாது. ஒலியை மட்டும் பார்த்தால் வடமொழியிலும் 'சூப' என்று ஒன்று உண்டு, பருப்புக் குழம்பைக் குறிப்பது; சமையல்காரனுக்கு அங்கே சூபகாரன் என்றே பெயர். அவர்களும் உரிமை கேட்டு வரிசையில் நிற்கலாம். ஆனால் ஆட்டுக்கால் சூப்புக் கடையில் நின்று நல்லி எலும்பை உறிஞ்சும்போது இரண்டு சொல்லும் ஒன்றுபோலத் தோன்றுவதை நானும் மறுக்க மாட்டேன். கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொண்டு நம் வாயில் அது சூப்பு ஆனதற்கு அந்த எலும்பும் காரணமாக இருக்கலாம்.

இனி வடிசாறு. இலக்கணத்தில் குறை இல்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கோளாறு பொருளில் இருக்கிறது. நம் வீட்டில் எதை வடிக்கிறோம்? சோற்றை. வடித்தால் சோறு பானையில் நிற்கும், கஞ்சி வெளியே போகும். அந்த வடிகஞ்சி மாட்டுத் தொட்டிக்கோ, சேலைக்குக் கஞ்சி போடவோ போகும். 'வடி' என்றதும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது மிஞ்சிய நீர், இல்லாவிட்டால் வடிசாராயம். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒரு தாய் கொடுப்பது இதில் எது? அதோடு, சோளமும் கேரட் துண்டும் மிதக்கும் சூப்பில் எதை வடித்தார்கள்? பருப்பையும் பூசணியையும் கடைந்து செய்தால் அங்கே வடிக்க என்ன இருக்கிறது? அப்படியே வடிகட்டினாலும், சாறு என்று சொன்னாலே பிரித்தெடுத்தது என்றுதானே பொருள்? வெண்ணெய்க்கு எதற்கு வெள்ளை அடிப்பது?

"சாறு என்றால் ஜூஸ் ஆகிவிடுமே, குழப்பம் வராதா?" என்று கேட்பார்கள். யாருக்கு வரும்? கரும்புச்சாறு கேட்டவருக்குக் கோழிச்சாறு கொடுத்த கடை ஏதாவது உண்டா? முன்னால் நிற்கும் பெயர் பார்த்துக்கொள்ளும். கன்னடத்தின் சாரு, தெலுங்கின் சாரு, மலையாளத்தின் சாறு எல்லாம் அடுப்பில் கொதிப்பவைதான். ஓசூர்ப் பக்கம் குழம்பே சாறுதான். வைணவர் வீட்டில் ரசத்துக்குச் சொல்லும் சாற்றமுதும் இதே குடும்பம். இத்தனை பேர் அடுப்பில் வைத்துப் பழகிய சொல்லை, பிழிந்ததற்கு மட்டும் என்று எழுதிவைத்தது யார்?

எங்கள் வீட்டில் சளி பிடித்தால் நாட்டுக்கோழிச் சாறுதான். நெஞ்செலும்பையும் கழுத்தையும் அம்மா அம்மிக்கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டிச் சட்டியில் போடுவாள். மிளகு, சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, எல்லாம் ஒன்றிரண்டாக இடித்தது. தக்காளி கிடையாது. மேலே மஞ்சள் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும்வரை அடுப்பைத் தணித்து வைத்திருப்பாள். "சாறு இறங்கிடுச்சா பாரு" என்பாள். எலும்பிலிருந்து இறங்கியது சாறு, அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து ஆக்கிய சொல் அல்ல அது. குடித்து முடித்ததும் மூக்கு ஒழுகும், நெற்றி வியர்க்கும். "இனி தேறிடுவ" என்று டம்ளரை வாங்கிக்கொள்வாள். உடம்பு தேறுவதற்கும் மனம் தேறுவதற்கும் தமிழில் ஒரே வினை என்பதை யாராவது கவனித்திருக்கிறோமா? பிரெஞ்சுக்காரர்களும் இதே வழியில் போனவர்கள்தான். 'ரெஸ்டாரன்ட்' என்றால் முதலில் கடை இல்லை. உடம்பைத் தேற்றும் கறிச்சாறு. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அதை விற்ற இடத்துக்கே பிறகு அந்தப் பெயர் போனது.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள கோபம் வடிசாற்றோடு தீரவில்லை. ஒரு சமையல் புத்தகத்தின் தமிழ்ப் பிரதியில் 'முள்ளிகட்டாவ்னி சூப்' என்று பார்த்தேன். ஐயா, அது நம் மிளகுத்தண்ணீர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் சென்னையில் குடித்துப் பழகி, 1784இலேயே ஒரு பாட்டில் வைத்துப் பாடியும்விட்டார்கள்; கறியும் ஆப்பிளும் சேர்த்துக் கெடுத்தது தனிக்கதை. வீட்டுப் பிள்ளை ஊர் சுற்றித் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது, பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். சூப்புக்கு வடிசாறு என்று தமிழ்ப்பற்றோடு தேடியவர்கள் இங்கே மட்டும் ஏன் தூங்கினார்கள்?

பழந்தமிழ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஆணம் இருக்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் வீடுகளில் இன்றும் மீனாணம், புளியாணம் உண்டு. கடல் தாண்டி இலங்கையில் பாலாணம். அகராதியில் ஆணத்துக்குக் குழம்பு ஒரு பொருள், அன்பு இன்னொரு பொருள். கலித்தொகையின் கடவுள் வாழ்த்தில் வரும் 'ஆணம் இல் பொருள்' அந்த அன்பைத்தான் சொல்கிறது. இரண்டும் ஒரே வேரா என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனாலும் அந்தத் தொடரின் அம்மா கையில் இருந்த கிண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. கடையில் சோளமாவு கரைத்துத் தருவது சூப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு வழக்கு இல்லை. வீட்டில் கொதிப்பது சாறு. ஆணம் என்று சொல்ல வாய் வருகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம்.

தொடரின் அடுத்த பகுதியையும் பார்த்தேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா கேட்கிறாள்: "கண்ணா, குழைமா சாப்பிடுறியா?" நூடுல்ஸாம்.