உங்கள் சர்வே எண்ணும் சென்னையின் முழுமைத் திட்டமும்

மனை வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டுகிறார்கள். எல்லாம் சரி என்றதும் முன்பணம் கைமாறிவிடுகிறது. அந்த இடத்தில் என்ன கட்டலாம், நாளைக்கு அதன் குறுக்கே ரோடு வருமா என்பதை இந்த மூன்று காகிதங்களும் சொல்லாது. அதைச் சொல்வது நகரின் முழுமைத் திட்டம்; பேச்சு வழக்கில் மாஸ்டர் பிளான். அதைப் பற்றிய செய்திகளில் மெட்ரோ, துணை நகரம், இருபதாண்டுத் தொலைநோக்கு என்று பெரிய விஷயங்களே அடிபடுவதால், நம்முடைய ஐந்து சென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தோன்றிவிடுகிறது.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது திட்டத்துக்கு 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் தந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அடுத்தது 2046-ஐ நோக்கியது. இருபதாண்டு என்று சொன்னாலும் வரைபடத்தில் விழுந்த ஒரு கோடு அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். முதல் திட்டக் காலத்திலேயே பேசப்பட்ட வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வரை திறந்தது 2014-ல், மீஞ்சூர் வரை 2021-ல். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கோட்டின்மேல் நிலம் வைத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் கிராமம், சர்வே எண் கொடுத்தால் நில உபயோகம் தெரியும். இங்கேதான் முதல் சிக்கல். இரண்டாவது திட்டம் வருவாய்க் கிராம சர்வே எண்களை வைத்துத் தயாரானது. நகரப் பகுதிகளில் பட்டாவில் இருப்பதோ வார்டு, பிளாக், நகர நில அளவை எண். அதை அப்படியே போட்டால் தகவல் வராது, அல்லது வேறு யாருடைய நிலமோ வரும். பழைய சர்வே எண் எது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு தேடுங்கள். உட்பிரிவு எண்ணையும் விடக்கூடாது. ஒரே சர்வே எண்ணின் ஒரு பாதி குடியிருப்பாகவும் மறு பாதி விவசாயமாகவும் இருப்பது உண்டு.

'குடியிருப்பு' என்று வந்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். நில உபயோகத்துக்கு மேல் தனிக் கட்டுப்பாடுகள் உள்ள பகுதிகள் இருக்கின்றன: செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்பு, தென்சென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் ஊறும் மணல் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு, தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிய இடம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இவற்றில் உங்கள் நிலம் வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது தண்ணீர். திட்ட வரைபடத்தில் ஏரி தெரியும். ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கலில் இருந்து அடுத்த ஏரிக்குப் போகும் பத்தடி வாய்க்கால் பல இடங்களில் கண்ணில் படாது. அதைக் காட்டுபவை புலப்படமும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராம வருவாய்ப் பதிவேடு). உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள எண்களுக்கும் சேர்த்து இரண்டையும் வாங்கிப் பாருங்கள். பக்கத்து எண் 'ஓடை புறம்போக்கு' என்று இருந்து, தரையில் அங்கே ஓடை இல்லையென்றால், மழைத் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது. உங்கள் மனைக்குத்தான் வரும்.

தாழ்வான மனை என்றால் நிரப்பும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கிரவுண்டை, அதாவது 2,400 சதுர அடியை, மூன்றடி உயர்த்த 7,200 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 72. இறுகிய பிறகுதான் இந்த அளவு. கொட்டும்போது கூடுதலாகப் போகும். தரகர் சொல்லும் 'மலிவு விலை' பெரும்பாலும் இந்த மண்ணில் கரைந்துவிடும்.

'உத்தேசச் சாலை' என்ற குறி இருந்தால் அகலத்தையும் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதையும் கேட்டறியுங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 38-வது பிரிவின்படி, திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை இல்லையென்றால் அது விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். ஆனால் வரைபடத்தில் உள்ள கோடு தானாக அழியாது. மனுப் போட வேண்டும், தேவைப்பட்டால் உயர் நீதிமன்றம் போக வேண்டும். ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவருக்கு இது ஒரு பிடிமானம். இதை நம்பிப் புதிதாக வாங்குவது வேண்டாத வேலை.

மனைப்பிரிவில் பூங்காவையும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நான்கு ஏக்கர் என்பது சுமார் 16,190 சதுர மீட்டர். சாலைக்கு 4,190 போனால் பூங்கா 1,200 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டர் வரை இந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால்தான் பெரிய நிலத்தை 74 சென்ட்டுக்குள் அடங்கும் துண்டுகளாக்கி, வெவ்வேறு பெயர்களில் அனுமதி வாங்கும் வித்தை நடக்கிறது. வாங்குபவருக்கு வீடு கிடைக்கும், தெருவுக்குப் பூங்கா கிடைக்காது.

2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிவுபடுத்தி அரசாணை வந்தது. விளம்பரங்களில் 'சி.எம்.டி.ஏ. எல்லை' என்ற வார்த்தை பெருகியது இதற்குப் பிறகுதான். எல்லைக்குள் இருப்பது வேறு, அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. அனுமதி எண்ணையும் வரைபட நகலையும் கேளுங்கள். அனுமதி தந்தது சி.எம்.டி.ஏ.வா, நகர் ஊரமைப்பு இயக்ககமா (டி.டி.சி.பி.) என்பதைப் பார்த்து, அந்த அலுவலகத்திலேயே சரிபாருங்கள்.

புதிய முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். இந்த வாய்ப்பைப் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மனு கொடுப்பவர்களிலும் பலர் 'எங்கள் பகுதிக்கு வசதி இல்லை' என்று பொதுவாக எழுதுகிறார்கள். அதை வைத்து எந்த வரைபடத்தையும் திருத்த முடியாது. கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைவில் என்ன குறித்திருக்கிறார்கள், தரையில் என்ன இருக்கிறது, எப்படி மாற்ற வேண்டும் என்ற ஐந்தும் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். புலப்படம், அ-பதிவேட்டு நகல், தேதியிட்ட புகைப்படம் இணையுங்கள். விவசாயத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டால் அணுகுசாலையின் அகலத்தை அளந்து எழுதுங்கள். அது இல்லாத மனு நிற்பது கடினம். விடுபட்ட வாய்க்காலைச் சேர்க்கச் சொல்லும் மனுவில் நலச்சங்கம் கையெழுத்துப் போடுவதோடு, வாய்க்கால் கடக்கும் எல்லாச் சர்வே எண்களும் வரிசையாக இருக்கட்டும். நேரில் கொடுத்து, தேதி முத்திரையுடன் நகலில் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.