கரியமில வாயுவில் கரி தெரியாது

டெல்லி மயூர் விகாரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா தன் பழைய டீசல் காரை சர்வீஸ் செய்து கொண்டுவந்தார். "பாரு, துளிக்கூட கரிப்புகை இல்ல. பூமி சூடானா இனிமே என்னைக் கேட்காதே" என்றார். தப்பு அவர்மேல் இல்லை. 'கார்பன் எமிஷன்' என்று வந்தாலே 'கரிப்புகை' என்று எழுதிவிடுகிறார்களே, அவர்கள்மேல்.

எமிஷன், லத்தீனில் வெளியே அனுப்புவதைக் குறித்த சொல். தமிழில் உமிழ்வு. கார்பன் எமிஷன் என்றால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, வெளியேறுவது. கரியமில வாயு என்பது 'கார்பானிக் அமில வாயு' என்ற பழைய பெயரின் தமிழாக்கம்: கரி, அமிலம், வாயு. இதைக் 'கரிய' வாயு என்று பிரித்துப் படித்தவர்கள்தான் புகைக்குப் போயிருக்க வேண்டும். கோலி சோடாவில் பொங்குவதும் அதே வாயுதான். கறுப்பாகவா இருக்கிறது?

கரிப்புகை என்றால் சரியாக எரியாத டீசலின் கரித்தூள். கண்ணுக்குத் தெரியும், வடிகட்டியில் பிடிக்கலாம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் பொல்யூஷன் சர்டிபிகேட் தருபவர் டீசல் வண்டியில் அளப்பதும் அந்தப் புகையின் அடர்த்தியைத்தான். 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டதும் மூச்சுத் திணறவைக்கும் காற்று மாசுக்காக.

கரியமில வாயு கணக்கே வேறு. ஒரு லிட்டர் டீசல் நன்றாக எரிந்தால் சுமார் 2.6 கிலோ வரும். டீசலின் எடையைவிட அதிகம், காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால். புகைவடிகட்டி அதைத் தொடாது. இருக்கிற இன்ஜினில் அதைக் குறைக்க வேண்டுமானால் டீசலைக் குறைவாக எரிக்க வேண்டும்: டயரில் காற்று சரியாக இருக்கணும், டிக்கியில் வேண்டாத சுமை கூடாது, சிக்னலில் இன்ஜினை அணைக்கணும்.

"உமிழ்வுன்னா துப்புறதுடா, நல்லாவா இருக்கு?" என்றார் மாமா. ஆழ்வார்கள் பெருமாளையே உலகை உண்டு உமிழ்ந்தவன் என்று பாடவில்லையா? இன்ஜினும் உண்டதைத்தானே உமிழ்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

'கரியமில வாயு உமிழ்வு' என்று முழுசாக எழுதச் செய்தித் தலைப்பில் இடம் போதாது என்றால் 'கார்பன் உமிழ்வு' என்று போடலாம். கார்பன் தமிழா என்று சண்டைக்கு வருபவர்கள், அமிலமும் வாயுவும் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிட்டு வரட்டும்.