ஆட்டோகிளேவுக்குள் போய்வந்த டிஎல்டி பேட்ஜ்

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் கேத் லேபிலிருந்து (எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதய ரத்தக் குழாய்களுக்குச் சிகிச்சை செய்யும் அறை) டெக்னீஷியன் ஒருவர் போன் செய்தார். "சார், கவுன்ல மாட்டின பேட்ஜ கழட்ட மறந்துட்டேன். அது சலவைக்குப் போயி, ஆட்டோகிளேவுக்குள்ளயும் போயிட்டு வந்துடுச்சு. கவர் மட்டும் லேசா நெளிஞ்சிருக்கு. துடைச்சிட்டு மாட்டிக்கலாமா?"

மாட்டிக்கொள்ளக் கூடாது. ஏன் என்று போனில் சொன்னது அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக வருடத்துக்கு இரண்டு முறையாவது இதை விளக்க வேண்டியிருக்கிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். டிஎல்டி பேட்ஜ் என்பது, கதிர்வீச்சு உள்ள இடத்தில் வேலை செய்பவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று அளக்க மாட்டிக்கொள்வது. ஆட்டோகிளேவ் என்பது, கிருமி நீக்க உயர் அழுத்த நீராவியில் சூடாக்கும் கருவி.

பேட்ஜின் கவரைத் திறந்தால் உள்ளே சின்ன அலுமினியத் தகடு இருக்கும். அதில் சட்டைப் பொத்தான் அளவில் மூன்று வெள்ளை வில்லைகள். கால்சியம் சல்ஃபேட்டில் மிகச் சிறிதளவு டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் தனிமத்தைச் சேர்த்துச் செய்த ஒளிர்தூளை டெஃப்ளானோடு கலந்து அழுத்திய வில்லைகள் அவை. தூள் ஒரு பங்கு, டெஃப்ளான் மூன்று பங்கு. இந்தியாவில் 1975 முதல், பழைய ஃபிலிம் பேட்ஜுக்குப் பதிலாக இந்த ஒளிர்பொருள் பழக்கத்துக்கு வந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய முறை இது.

எக்ஸ்ரே பட்டால் இந்த வில்லை கண்ணுக்குத் தெரிய ஒளிர்வதில்லை, நிறமும் மாறுவதில்லை. படிகத்துக்குள் இடம்பெயர்ந்த எலக்ட்ரான்களில் ஒரு பகுதி, அங்கங்கே எலிப்பொறி மாதிரி இருக்கும் பொறிகளில் சிக்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சூடேற்றினால்தான் வெளியே வரும். அப்படி வரும்போது விடுபடும் ஆற்றலை டிஸ்ப்ரோசியம் வாங்கி ஒளியாக விடுகிறது. 480 நானோமீட்டர் பக்கம் நீலமும் 575 பக்கம் மஞ்சளும். ஆய்வகத்தில் 285 டிகிரி அளவுக்குச் சூடான நைட்ரஜன் வாயுவை வில்லையின் மீது அரை நிமிடம் செலுத்தி, வரும் ஒளியை அளந்தால் அதுதான் உங்கள் மூன்று மாதக் கணக்கு. ஒரே ஒரு முறைதான் படிக்கலாம். படித்த கையோடு பெரும்பகுதி அழிந்துவிடும்.

ஆட்டோகிளேவ் செய்ததும் இதே வேலைதான், அரைகுறையாக. பொறிகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. ஆழம் குறைந்தவை நூறு டிகிரியை ஒட்டியே காலியாகிவிடும். கதிர்வீச்சை அளக்க நாம் நம்பியிருக்கும் முக்கியப் பொறி 220 டிகிரி வாக்கில்தான் திறக்கும். 134 டிகிரியில் இருபது நிமிடம் இருந்தால் அதிலிருந்தும் ஒரு பங்கு கசியும். எவ்வளவு கசிந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்த பேட்ஜை அப்படியே அனுப்பியிருந்தால் ரிப்போர்ட்டில் குறைவான எண் வந்திருக்கும். எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குப் பயம் அந்த மாதிரி எண்ணைப் பார்த்தால்தான்.

கார் டாஷ்போர்டில் வைத்தால் போய்விடுமா என்று கேட்பார்கள். ஒரு பகல் வெயிலில் முக்கியப் பொறியிலிருந்து பெரிதாக ஒன்றும் போகாது, பதற வேண்டாம். ஆனால் பேட்ஜ் டாஷ்போர்டில் இருக்கிறது என்றால் நெஞ்சில் இல்லை என்று அர்த்தம். எனக்கு அதுதான் பெரிய கவலை.

வெப்பம் இந்தத் தூளுக்கு எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். தயாரிக்கும்போது 700 டிகிரியில் சுட்டு எடுத்தால்தான் தூளுக்கு ஒளிர்வுத் திறன் சரியாக வாய்க்கிறது. அப்புறம் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், மிச்சமிருக்கும் சிக்னலைத் துடைக்க வில்லைகளை 230 டிகிரியில் நான்கு மணி நேரம் அடுப்பில் வைக்கிறார்கள். அனீலிங் என்பது இதுதான். வெறும் தூளாக இருந்தால் 400 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கூட டெஃப்ளான் இருக்கிறதே, அது 327 டிகிரியில் உருகிவிடும். அதனால் சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறார்கள், நாம் குழம்பைச் சிறு தீயில் வைப்பதுபோல. உங்கள் கையில் இருக்கும் தகடு போன காலாண்டில் வேறு யாரோ ஒருவரிடம் இருந்திருக்கும். அனீலிங் சரியாக நடக்காவிட்டால் அவர் வாங்கிய கதிர்வீச்சில் மிச்சம் உங்கள் கணக்கில் ஏறும்.

சரி, பேட்ஜ் சூட்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? மறைக்காமல் அன்றைக்கே பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். காலாண்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாற்று பேட்ஜ் வாங்கிக்கொள்ளலாம். தொலைந்த நாட்களின் அளவை, உடன் நின்றவரின் பேட்ஜையும் ஃப்ளூரோ நேரப் பதிவையும் (எக்ஸ்ரே ஓடிய நேரக் கணக்கு) வைத்து மதிப்பிடலாம். அந்த டெக்னீஷியனுக்கு அப்படித்தான் செய்தோம். ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது என்ற வரம்புக்கு அவர் கணக்கு எவ்வளவோ கீழேதான் இருந்தது. கவுனில் மாட்டியதே தப்பு, லெட் ஏப்ரன் என்ற ஈயக் கவசத்துக்கு உள்ளே நெஞ்சு மட்டத்தில் மாட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி அவரிடமிருந்து போன். நனைந்த பேட்ஜை உலர்த்த நர்ஸ் ஒருவர் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாராம்.

"ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டேன் சார். வேற பேட்ஜ் அனுப்புங்க."