கடன் கொப்பியில் பிள்ளையின் பெயர் எதற்கு?

இலங்கையின் அரச பாடசாலையில் 1ஆம் தரம் முதல் 5ஆம் தரம் வரை கொடுக்கும் உணவு இலவசம். 2024 மார்ச்சிலிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது உரியது. ஆகவே அந்த உணவுக்குப் பாக்கி என்று யாராவது கேட்டால், எந்தக் கணக்கில் என்று திருப்பிக் கேளுங்கள். உண்மையில் கடன்படுவது சமைப்பவர்தான். அரிசியையும் பருப்பையும் கடையில் கடனுக்கு எடுத்துச் சமைத்துவிட்டு, அரசிடமிருந்து பணம் வரும்வரை காத்திருப்பார். விலை ஏறினால் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது முட்டை.

மற்றப்படி வீட்டுக்கு வரும் பாக்கி சிற்றுண்டிச்சாலையில் கடனுக்கு வாங்கிய பணிஸாகவோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தாவாகவோ இருக்கும். இரண்டும் பெரியவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை. என் மகள் படித்த பாடசாலையில் ஒருநாள் காலைக்கூட்டத்தில் சந்தா கட்டாதவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் வந்ததும் பக்கத்தில் நின்ற சிநேகிதி அரை அடி தள்ளி நின்றாளாம். சந்தாவை மறுநாளே கட்டினேன். அந்த அரை அடியை அவள் இன்னும் சொல்கிறாள்.

பாடசாலை உணவையே காசுக்கு விற்கும் அமெரிக்காவில் பாக்கிக்காரப் பிள்ளையின் கையில் முத்திரை குத்திய பாடசாலைகளும் உண்டு. 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் அதைச் சட்டம் போட்டே தடுத்தது. பாக்கிக்காகப் பிள்ளையிடம் வேலை வாங்கக்கூடாது, பரிமாறிய உணவைப் பறித்துக் கொட்டக்கூடாது, பெற்றோரிடமே கேட்க வேண்டும் என்றது.

இங்கே உங்கள் பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தினால், முதலில் அதிபருக்கு எழுதுங்கள், பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனை. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் எனத் திருகோணமலை மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் உள்ளன. தேசிய பாடசாலையானால் கல்வி அமைச்சு. பிள்ளை அவமானப்படுத்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929ஐ அழைக்கலாம்.

உணவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், சமைப்பவருக்கு எந்த மாதம்வரை கொடுத்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

அதிபருக்கான கடிதத்தை மட்டும் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.