சொல் விளக்கம்: சமூக மக்களாட்சி

வேலூர் லாங்கு பஜாரில் மூட்டை தூக்குகிறவர், "இன்னா மொதலாளி, லோடு இன்னும் வரலியா?" என்று கேட்பார். அவர் கேட்பது ஒருவேளை பத்துக்குப் பத்து வெங்காயக் கடை வைத்திருப்பவரிடமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் முதலாளி என்பது ஒரு மரியாதைச் சொல். அதோடு 'த்துவம்' ஒட்டிக்கொண்டதும் அது மேடைக்குப் போய்விடுகிறது, குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது. அதனால் 'முதலாளித்துவமா, சமூக ஜனநாயகமா' (பின்னதைத்தான் தலைப்பில் சமூக மக்களாட்சி என்று எழுதியிருக்கிறேன்) என்று தமிழில் பேச ஆரம்பித்தால், முன்னது கடைக்காரரைக் காப்பாற்றுவது, பின்னது கடையைப் பிடுங்கிக்கொள்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. தவறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்கச் சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

'முதல்' மிகப் பழைய சொல். "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்கிறது குறள் (449). அங்கே முதல் என்பது தொழிலில் போட்ட பொருள், ஊதியம் என்பது அதில் வந்த லாபம். இன்று ஊதியம் என்றால் சம்பளம். முதல் போட்டவருக்குச் சேர்வதைக் குறித்த சொல், உழைத்தவருக்குச் சேர்வதைக் குறிக்கும் சொல்லாக மாறியிருக்கிறது. எனக்கு இந்த இடமாற்றம் மிகவும் பிடிக்கும். 'ஆளி' என்பது உடையவர்: கடனாளி, நோயாளி, தொழிலாளி. ஆக முதலாளி என்றால் முதல் உடையவர், அவ்வளவுதான். கடைசியில் உள்ள 'த்துவம்' வடமொழியிலிருந்து வந்த விகுதி.

ஐரோப்பியர் சொல்லும் 'கேப்பிடல்' தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மாடுகளைக் குறிக்கும் 'கேட்டில்' என்ற சொல்லுக்கும் அதே வேர். முன்பு அது பொதுவாகச் சொத்தையே குறித்தது. தமிழிலும் அப்படித்தான்: கல்வியே அழிவில்லாத செல்வம், "மாடல்ல மற்றை யவை" என்று குறள் (400) சொல்லும்போது மாடு என்றால் செல்வம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்தப் பொருளை விளக்கவே வேண்டாம். ஒரு குடும்பத்தின் முழு முதலும் அங்கே கயிற்றில் கட்டி நின்றுகொண்டிருக்கும்.

ஐரோப்பியச் சொல் முதலைச் சொல்கிறது, நம் சொல் ஆளைச் சொல்கிறது. நம் விவாதம் ஆள் நல்லவரா கெட்டவரா என்று திரும்புவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "எங்க மொதலாளி தங்கமானவரு, அப்புறம் என்ன?" என்பார்கள். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். கேள்வி அவரைப் பற்றியது அல்ல. முதல் எங்கே போகும், அதில் வரும் லாபம் எப்படிப் பிரியும் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் ஆளும் 'முதலியம்' இந்த வகையில் துல்லியமானது. ஆனால் முதலாளித்துவம் வேர்விட்டுவிட்டது, அதைப் பிடுங்கத் தேவையில்லை.

இதன் கடைசி எல்லையைத்தான் தடையற்ற சந்தை, கட்டற்ற சந்தை என்கிறோம். விலையையும் கூலியையும் வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ளட்டும், அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்ற கொள்கை அது. 1991க்குப் பிறகு நம் பத்திரிகைகளில் நிறைந்த 'தாராளமயம்' என்ற சொல் எனக்கு ஏற்பில்லை. தாராளம் என்றால் நமக்குக் கொடுக்கிற மனசு நினைவுக்கு வரும். அங்கே நடந்ததோ விதிகளைத் தளர்த்தியது.

இனி சமூக ஜனநாயகம். இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஊன்றியது. 1869இல் ஐசனாக் நகரில் சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி தொடங்கியது. அப்போது அதன் பொருள் மார்க்சியத்துக்கு மிக நெருக்கமானது. 1898இல் ரஷ்யாவில் உருவாகி, பிறகு லெனின் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற கட்சியின் பெயரும் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சிதான். புரட்சி வேண்டாம், தேர்தலும் தொழிற்சங்கமும் சட்டமும் போதும் என்று ஜெர்மன் கட்சிக்காரரான பெர்ன்ஸ்டைன் வாதாடியதிலிருந்து பொருள் மெல்ல நகர்ந்தது. 1959இல் கோடஸ்பெர்க் மாநாட்டில் ஜெர்மன் கட்சி போட்டிச் சந்தையை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. முடிந்தவரை போட்டி, தேவையான அளவு திட்டமிடல் என்பது அதன் வாசகத்தின் சாரம். ஆக இன்றைய பொருள் இது: முதல் முதலாளியிடமே இருக்கும், வரி, சங்கம், சட்டம் மூன்றும் அதைச் சமூகத்துக்குப் பதில் சொல்ல வைக்கும்.

தமிழில் இதற்கு இரண்டு சிக்கல்கள். ஒன்று, அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அடித்தளத்தில் சமூக ஜனநாயகம் இல்லாவிட்டால் அரசியல் ஜனநாயகம் நிலைக்காது என்றார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஏற்கும் வாழ்க்கை முறையையே அவர் அப்படிச் சொன்னார். ஐரோப்பியக் கட்சிக் கொள்கையை அல்ல. இரண்டாவது, 'சமூகம்' என்ற சொல்லே. திருமணத் தகவல் மையத்தில் "எந்தச் சமூகம்?" என்று கேட்டால் அது சாதியைக் கேட்பது. 'சமதர்மம்' என்று சொல்லலாமா என்றால், அந்த இடம் ஏற்கனவே நிரம்பிவிட்டது. 1931இல் குடிஅரசு இதழில் கம்யூனிஸ்ட் அறிக்கை தமிழில் வந்தது 'சமதர்ம அறிக்கை' என்ற பெயரில்தான்.

ஆகவே அம்பேத்கர் சொன்னதற்குச் 'சமூக ஜனநாயகம்' என்பதையே விட்டுவிட்டு, ஐரோப்பியக் கொள்கைக்குச் 'சமூக மக்களாட்சி' என்று எழுதலாம் என்பது என் கருத்து. சாதி வாடை அதிலும் முழுதாகப் போகாதுதான். ஆனால் ஒரே சொல்லில் இரண்டு பெரிய விஷயங்கள் குழம்பிக் கிடப்பதைவிட இது மேல்.

சரி, இந்தக் கொள்கை இன்று நடைமுறைக்கு ஆகுமா? ஸ்வீடனைக் காட்டுவது வழக்கம். 1936இல் சில மாதங்கள் தவிர, 1932 முதல் 1976 வரை அங்கே சமூக மக்களாட்சிக் கட்சியே ஆட்சி நடத்தியது. வால்வோவும் எரிக்சனும் தனியார் கையிலேயே வளர்ந்தன. அங்கே குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டமே கிடையாது. சங்கங்களும் முதலாளிகள் அமைப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. அதே நாடு 2005இல் வாரிசு வரியையும் 2007இல் ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான வரியையும் எடுத்துவிட்டது. ஜெர்மன் கட்சி 2025 தேர்தலில் 16.4 சதவீதத்துக்கு இறங்கியது. கட்சிகள் தேய்வதை மறைக்க முடியாது. ஆனால் அவை விரிவாக்கிய மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றை ஒழிப்பேன் என்று சொல்லி அங்கே ஓட்டு வாங்குவது கடினம்.

என்னைக் கேட்டால் ஸ்வீடனைவிடக் குடியாத்தத்தைக் காட்டுவேன். என் அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியவர். இலையும் தூளும் கம்பெனியுடையவை, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. சரியில்லை என்று ஏஜென்ட் சில கட்டுகளைத் தள்ளிவிட்டால் அதற்குக் கூலி கிடையாது. ஆனால் 1976 சட்டப்படி பீடி உற்பத்தியில் ஒரு சிறு தீர்வை வசூலாகி, தொழிலாளர் நல நிதிக்குப் போனது. நான் படித்த உதவித்தொகை அதிலிருந்து வந்தது. கம்பெனி முதலாளியுடையதாகவே இருந்தது, பீடியும் சந்தையில்தான் விற்றது. சமூக மக்களாட்சி என்பதை நான் முதலில் கையால் தொட்டது அந்தக் காசில்தான். ஜிஎஸ்டி வந்த 2017இல் அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. அம்மாவுக்குப் பல வருடங்கள் பிஎஃப் கணக்கே தொடங்கப்படவில்லை. வீட்டுக்குள் தனித்தனியாக உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்பதும் எளிதாக இல்லை. ஸ்வீடன் வழி இங்கே முட்டி நிற்பது இந்த இடத்தில்தான்.

மறுபக்கம் பாலாறு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழில் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பார்த்தவர்கள் சந்தையின் நன்மையை மறுக்க மாட்டார்கள். ஆனால் கழிவுநீர் கிணறுகளுக்குள் இறங்கிய செலவு தோல் பதனிடும் எந்த டேனரியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பயிரிட லாயக்கற்றுப் போனது என்ற மதிப்பீட்டை, 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதில் முதலாவதாக வரும் மாவட்டத்தின் பெயர் அன்றைக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்.