டிரையர் சூடாகவில்லை: ஃபியூஸைக் கொன்றது யார்?

எங்கள் வீட்டின் வானிலை நிலையம் சமையலறை உப்பு ஜாடிதான். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் ஜாடிக்குள் உப்பு கசியத் தொடங்கும். அன்று கொடியில் போட்ட துணி காயாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் கலந்த கல் உப்பு அதற்கும் முன்பே கசியும். பருத்திக்கும் கிட்டத்தட்ட இதே குணம். ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது தன் எடையில் ஏழெட்டு சதவீதம் நீரை வைத்திருக்கும் பருத்தித் துணி, ஈரப்பதம் 90-ஐ நெருங்கும்போது அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வைத்திருக்கும். அடைமழை நாளில் இரண்டு பகல் தொங்கிய பனியன் இன்னும் நசநசவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். பாலியெஸ்டர் சட்டை தப்பித்துக்கொள்ளும். அது நீரையே தீண்டாத சாதி.

இந்த மூன்று மாதத் தொல்லைக்காகத்தான் டிரையர் வாங்குகிறோம். வாங்கிய டிரையர் சரியாகக் கார்த்திகையில் படுத்துக்கொள்ளும். ஏன் படுத்துக்கொள்கிறது, எதை நாமே பார்க்கலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பாதி வீடுகளில் "டிரையர் ஓடவில்லை" என்றால் அது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் வலப்பக்கத்துச் சின்னத் தொட்டி. அது துணியைக் காயவைப்பதில்லை, பிழிகிறது. நிமிடத்துக்கு 1,300 சுற்று, ஆரம் 11 செ.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், தொட்டியின் சுவரோரத்தில் புவியீர்ப்பைப் போல் சுமார் 200 மடங்கு விசை வரும். எந்தப் பயில்வானும் அப்படி முறுக்கிப் பிழிய முடியாது. அதற்கு ஆகும் மின்சாரமோ அற்பம். 180 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் 15 வாட்-மணி. அதே நீரைச் சூட்டால் ஆவியாக்க வேண்டுமானால் கிலோவுக்கு 670 வாட்-மணிக்குக் குறையாது. ஆகவே சூடான டிரையர் வைத்திருப்பவர்களும் முதலில் நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் அதில் போட வேண்டும். மின் கட்டணம் ஏறிவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டவர்கள்.

பிழியும் தொட்டி நின்றுபோனால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியை மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, தொட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். மூடியை மூடும்போது ஒரு கம்பி இழுபட்டு மோட்டாருக்கு மேலிருக்கும் பிரேக்கை விடுவிக்கிறது. திறந்தால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துக்கொள்கிறது. மூடியிருந்தும் தொட்டி இறுகிக் கிடந்தால் பிரேக் விடவில்லை என்று பொருள். அல்லது ஒரு கைக்குட்டையோ குழந்தையின் காலுறையோ விளிம்பைத் தாண்டி அடியில் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே துணியின் மேல் வைக்கும் பிளாஸ்டிக் தட்டை "அது எதற்கு" என்று பரணில் போட்டுவிட்ட வீடுகளில் இந்த இரண்டாவது வகை அதிகம்.

தொட்டி லேசாகச் சுற்றுகிறது, ஆனால் மின்சாரம் கொடுத்தால் "உம்ம்" என்ற முனகல் மட்டும் வருகிறது என்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குத் தானாகப் புறப்படும் சக்தி கிடையாது. இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளி, முதல் உந்தலைக் கொடுப்பது கெப்பாசிட்டர். அது வலுவிழந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே முனகும், சூடாகும், கடைசியில் கருகும். முனகல் கேட்டதும் அணைத்துவிடுவது மோட்டாரைக் காப்பாற்றும். முனகல்கூட இல்லையென்றால் மூடியின் சுவிட்ச், டைமர், வயர் என்று தேட வேண்டும். இங்கே எலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல இயந்திரங்களின் அடிப்பகுதி திறந்தே கிடக்கிறது. மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் எலிக்கு வாய்க்காது. கடற்கரை வீடுகளில் இன்னொரு எதிரி, உப்புக் காற்று. பிரேக்கைப் பிடிக்கும் ஸ்பிரிங் துருவேறி அறுந்தால், மூடியைத் திறந்த பிறகும் தொட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். இதைப் பழகிக்கொள்ளாதீர்கள். சுற்றும் தொட்டிக்குள் கைவிட்டால் துணி விரலைச் சுற்றிக்கொள்ளும்.

இனி உண்மையான டிரையர், சூடான காற்றால் உலர்த்துவது.

அதன் தந்திரம் எளிமையானது, ஆனால் அழகானது. மழைநாளில் 25 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். இன்னும் இரண்டு கிராம்தான் அதனால் தாங்க முடியும். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கன மீட்டருக்கு 130 கிராம் வரை தாங்கும். நீராவி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஈரப்பதம் சுமார் 14 சதவீதமாக விழுந்துவிடும். ஒரு ஹீட்டர் சுருள், புயல் சின்னம் மையம் கொண்டிருக்கும் வங்கக் கடலோரத்தில் ஒரு பெட்டிக்குள் மட்டும் கத்திரி வெயிலை உண்டாக்கிவிடுகிறது.

சூடு பாதிக் கதைதான். ஐந்து கிலோ துணியில் மூன்று கிலோ நீர் இருந்தால், கன மீட்டருக்கு 20 கிராம் வீதம் சுமந்துபோனாலும் 150 கன மீட்டர் காற்று டிரம்மைக் கடந்தாக வேண்டும். பத்துக்குப் பத்து அறை ஐந்து நிறையும் காற்று. அது ஃபில்டரில் பஞ்சுத்தூசியை விட்டுவிட்டு, நான்கங்குலக் குழாய் வழியாகச் சன்னலுக்கு வெளியே போக வேண்டும். அறையின் கதவு சன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, குழாயையும் அறைக்குள்ளேயே விட்டால், டிரையர் தான் கக்கியதையே திரும்பக் குடிக்கும். சுவரெல்லாம் வியர்க்கும், துணி வேகும், உலராது.

என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது மழைக்காலத்தில் எங்கள் டிரையர் ஒருநாள் சூடாகவில்லை. டிரம் சுற்றியது, காற்று வந்தது, சூடு மட்டும் இல்லை. வந்தவர் தெர்மல் ஃபியூஸ் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மறுபடியும் போனது. மறுபடியும் மாற்றினார், "கரண்ட் சரியில்லை சார்" என்று காரணமும் சொன்னார். மூன்றாவது முறை வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். வயதானவர், இயந்திரத்தின் பக்கமே திரும்பாமல், "குழாய் எங்கே போகிறது, சார்?" என்று கேட்டார். பால்கனிக்குப் போய்க் குழாயின் வாயைக் கழற்றினார். உள்ளே தேங்காய் நாரும் பஞ்சும் சேர்த்து ஓர் அணில் கட்டிய கூடு. பஞ்சு எங்கள் சட்டைகளிலிருந்தே போனது. மாசி முதல் புரட்டாசி வரை நாங்கள் டிரையரைத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான, மழை படாத, மெத்தை போட்ட வீடு சும்மா கிடக்கிறது என்று அணில் நினைத்ததில் தவறே இல்லை.

நடந்தது இதுதான். காற்று அடைபட்டால் ஹீட்டரின் சூட்டை எடுத்துப்போக ஆள் இல்லை. அங்கே வெப்பம் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் என்பது இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு. ஒன்று அதிகம் விரிவதால் சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும், ஆறியதும் மீண்டும் சேரும். அடைப்பு கொஞ்சமாக இருக்கும்போது இது அடிக்கடி துண்டிப்பதால் துணி காய ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டரை மணி நேரம் ஆகும். எங்கள் வீட்டில் முந்திய வாரமே அப்படித்தான் ஆனது. "துணி அதிகமாகப் போட்டுவிட்டாய்" என்று மனைவி என்னைக் குற்றம் சொன்னாள், நான் மழையைச் சொன்னேன். அடைப்பு முற்றியதும் தெர்மல் ஃபியூஸ் உருகித் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியது. அது ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும், தானாக மீளாது. அதை மாற்றிவிட்டுக் காற்றின் வழியைப் பார்க்காமல் போவது, காய்ச்சலுக்கு வெப்பமானியை மாற்றுவது போன்றது. அதைவிட மோசம், ஃபியூஸைத் தாண்டி ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. சிலர் இதைத் திறமை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பஞ்சுத்தூசியும் செஞ்சூட்டுச் சுருளும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

சூடு வராதபோது மல்டிமீட்டர் (வோல்ட்டேஜும் மின்தடையும் அளக்கும் கருவி) இருந்தால் பாதி விசாரணையை நாமே முடிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஃபியூஸின் இரு முனைகளில் வைத்தால் மீட்டர் பீப் என்று ஒலிக்க வேண்டும். ஹீட்டர் 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டைத் தன்னால் பெருக்கி 2,000 ஆல் வகுக்க, சுமார் 26 ஓம் வரும். மீட்டர் அதற்கு அருகில் காட்டினால் சுருள் நலம். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. சுருளின் முனைக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால், அன்றைக்கு அதைத் தொடவே வேண்டாம்.

"கரண்ட் சரியில்லை" என்ற முதல் மெக்கானிக்கின் பேச்சிலும் ஒரு துளி உண்மை உண்டு, அவர் சொன்ன பொருளில் அல்ல. மாலையில் வோல்ட்டேஜ் 190-க்கு இறங்கினால் ஹீட்டரின் சூடு அதே விகிதத்தில் குறைவதில்லை, வர்க்க விகிதத்தில் குறைகிறது: 2,000 வாட் 1,365 ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகும். இயந்திரத்தில் பழுதே இருக்காது, துணி மட்டும் ஈரமாக வெளியே வரும். பிளக்கையும் பாருங்கள். இந்த இயந்திரம் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் தேவை. உப்புக் காற்றில் களிம்பேறிய பிளக் முனையில் அரை ஓம் தடை சேர்ந்தால்கூட அந்த இடத்தில் 38 வாட் சூடு பிறக்கும். ரேடியோ மெக்கானிக் ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்ன் அளவுக்கு. பிளக் பழுப்பேறி இளகுவது இதனால்தான்.

மற்ற பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டார் ஓடுகிறது, டிரம் சுற்றவில்லை, கையால் தள்ளினால் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது: பெல்ட் அறுந்தது. தொடங்கும்போது தடதடவென்று சத்தம், சில நிமிடத்தில் அடங்குகிறது: பல மாதம் அசையாமல் நின்றதில் டிரம்மைத் தாங்கும் உருளைகளின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. கீச்சென்ற சத்தம் என்றால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சக்கரம். ஃபில்டர் வலை சுத்தமாகத் தெரிந்தாலும் அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால், துணியை மென்மையாக்கும் திரவத்தின் படலம் அடைத்திருக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகும். அதே படலம் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளிலும் படியும். ஈரத்துணி அந்தப் பட்டைகளை இணைத்து மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் இயந்திரம் ஈரத்தை அறிகிறது. படலம் மூடினால் மின்சாரம் கடக்காது, துணி காய்ந்துவிட்டதென்று நினைத்து முன்கூட்டியே நின்றுவிடும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

பழுதே இல்லாத ஒரு பழுதும் உண்டு. எட்டு முழ வேட்டியும் ஆறு கெஜப் புடவையும் டிரம்மில் முறுக்கிக்கொண்டு தேர்வடம் போல் ஆகிவிடும். வெளிப்புறம் சுடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் சட்டையையும் கால்சட்டையையும் துண்டையும் மனதில் வைத்திருந்தார்கள். பாதி வழியில் நிறுத்தி, பிரித்து உதறிப் போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

குழாய் இல்லாமல் நீரைத் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் வகையிலும் காற்றடைப்புதான் முதல் சந்தேகம், அங்கே ஃபில்டருக்குப் பின்னாலிருக்கும் குளிர்விப்பானில் தூசி சேரும். ஹீட் பம்ப் வகையில் ஃபிரிட்ஜைப் போலக் கம்பிரஸரும் வாயுவும் உண்டு. ஃபில்டரைத் துடைப்பதோடு நம் எல்லை முடிகிறது.

கடைசியாக எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் துண்டை டிரையரில் போடாதீர்கள். துவைத்தாலும் நல்லெண்ணெய் நூலிழையில் கொஞ்சம் தங்கும். சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து தானே வெப்பத்தை வெளியிடும். துணி குவியலாகக் கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தீப்பற்றலாம். இதனால்தான் டிரையர் கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் வெறும் காற்றை ஓட்டித் துணியை ஆறவைக்கிறது. நடுவில் மின்சாரம் போனால் அந்த ஆறுதல் கிடைக்காது. துணி சுடச்சுட உள்ளே குவிந்து கிடக்கும். உடனே எடுத்துப் பரப்பிவிட வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிற்பகலில், டிரையர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றது. கதவைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளி வந்தோம். சோபாவின் முதுகில், சாப்பாட்டு மேசையில், தையல் மெஷின் மீது, வெதுவெதுப்பான சட்டைகள் கை நீட்டிப் படுத்துக் கிடந்தன. வெளியே அணில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குழாயின் வாயில் இப்போது காற்று தள்ளினால் மட்டும் திறக்கும் ஒரு தகடு தொங்குகிறது. அன்று இரவு முழுவதும் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.